ஐந்தாவது படி

ஆந்தனி ஜோர்ம் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் தம் சகாக்களோடு சேர்ந்து 1997-ல் அந்நாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் ஒரு சொற்றொடரைப் புழக்கத்தில் விட்டார். தமிழில் அதை 'மனநல எழுத்தறிவு' என்று சொல்லலாம். மனநோய்களை இனங்காணவும் சமாளிக்கவும் தடுக்கவும் துணை செய்கிற அறிவும் நம்பிக்கைகளும் என்று அதை வரையறுத்தார்கள். இப்போது பல நாடுகளில் மருத்துவ மாணவர்களையும் செவிலியர் மாணவிகளையும் இந்த அளவுகோலால் அளந்துகொண்டிருக்கிறார்கள். அளந்து முடித்ததும் போதவில்லை என்கிறார்கள். பாடத்தைக் கூட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் ஆட்சேபம் ஏதும் இல்லை. ஆனால் அளக்கும் முறையைப் பற்றி ஒரு விமர்சகன் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

முறை இதுதான். ஒரு குட்டிக் கதையைக் கையில் கொடுப்பார்கள். ஜான் அல்லது மேரி, வயது 30. சில வாரங்களாக வழக்கத்துக்கு மாறான சோகம். எந்நேரமும் களைப்பு, ஆனால் தூக்கம் இல்லை. பசி இல்லை, எடை குறைந்திருக்கிறது. வேலையில் மனம் ஒட்டவில்லை. மேலதிகாரி கவனித்துவிட்டார். இவருக்கு என்ன? என்று கேட்பார்கள். 1997 கட்டுரையில் 2,000 பேருக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். டிப்ரஷன் என்று சரியாகப் பெயர் சொன்னவர்கள் 39 சதவீதம். மனச்சிதைவு நோயை வர்ணித்த இன்னொரு கதைக்குச் சரியான பெயர் சொன்னவர்கள் 27 சதவீதம். மனநோய்க்கான மாத்திரைகளைவிட வைட்டமின் உதவும் என்று நம்பியவர்கள் அதிகம்.

கதை என்று சொன்னேன். கதையிலிருந்து கதையாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சரி. மேரி எந்தத் தெருவில் இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், சோகம் என்ற சொல்லை அவளே சொன்னாளா அல்லது கட்டுரையாளர் அவளுக்காகச் சொல்கிறாரா, எதுவும் கிடையாது. இவ்வளவு சுத்தப்படுத்தினால்தான் எல்லோரையும் ஒரே கோலால் அளக்க முடியும். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. (மாதக் கடைசியில் எங்கள் கிளையில் பாதிப்பேர் மேரியாக இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.) ஆனால் அளவுகோலுக்காகச் செய்த இந்த வறட்டு வடிவமே பாடமாகவும் ஆகிவிட்டால் என்ன நேரும்? படிக்கிற பிள்ளை கதையின் முதல் வரியிலேயே பெயரைத் தேட ஆரம்பித்துவிடும். பெயர் கிடைத்ததும் படிப்பதை நிறுத்திவிடும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவனெல்லாம் வாசகன் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லையே. எழுத்தறிவு என்ற சொல்லை இரவல் வாங்கியவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே வாங்கியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் பேச எனக்கென்ன பாத்தியதை என்று கேட்கலாம். நான் வங்கியில் எழுத்தர். பதவிக்கு இப்போது நீளமான ஆங்கிலப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மேஜை மாறவில்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால் படிவம் நிரப்பத் திணறுகிறவர்களை என்னிடம் அனுப்பிவிடுவார்கள். அட்மிஷன் சமயத்தில் கல்விக்கடன் கேட்டு வருகிற பெண்களில் பலர் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்தவர்கள். அப்பா பெயிண்டராக, லோடு ஆட்டோ ஓட்டுகிறவராக இருப்பார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவள். நாலு லட்சம் வரை பிணை சொத்து கேட்பதில்லை; படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கட்ட வேண்டாம். நாலு வருஷப் படிப்பு, அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம், அப்புறம் வெளிநாடு என்று அந்தக் குடும்பம் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்கில் அந்தப் பெண் சோர்ந்து போவதற்கு ஒரு பத்தி கிடையாது. நான் நிரப்புகிற படிவத்திலும் கிடையாது.

இன்னொரு பாத்தியதையும் உண்டு. என் அக்கா மகள் நர்சிங் படித்தாள். 2023-ல் மூன்றாம் ஆண்டு வந்தபோது மனநலச் செவிலியம் என்ற பாடம் அவளுக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு விசித்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. அது பொது மருத்துவத்தின் ஓர் அங்கம். அந்தப் பேப்பரில் ஒரு கேள்வி வந்தால் வந்தது. நர்சிங் படிப்பில் அது தனிப் பாடம். இப்போதைய பாடத்திட்டத்தில் இரண்டு பருவங்களுக்கு நீள்கிறது, வார்டு வேலையும் உண்டு. ஆகவே டாக்டரை விட அருகில் நிற்கிற நர்சம்மாவுக்குத்தான் இந்த விஷயத்தில் பரிச்சயம் அதிகம் இருக்க நியாயம் உண்டு. வார்டில் இந்த நியாயம் எடுபடுமா என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாடத்தின் மையத்தில் மனநிலைப் பரிசோதனை என்று ஒரு படிவம் இருக்கிறது. நோயாளியின் தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ண ஓட்டம், புலனுணர்வு, ஞாபகம் என்று வரிசையாகப் பார்த்து எழுத வேண்டும். அருவமாகச் சிந்திக்க முடிகிறதா என்று பார்க்க ஒரு பழமொழி சொல்லி அர்த்தம் கேட்கிறார்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றதற்கு, 'யோசிக்காமல் எதிலும் இறங்கக் கூடாது' என்று சொன்னால் சரி. 'ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து இறங்கணும்' என்றால் சிந்தனை பருண்மையாகவே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கருத்தை விட்டுப் பொருளைப் பார், படிமத்தைப் படிமமாகவே நிறுத்து என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிற நம்மில் பலர் இந்தப் பரிசோதனையில் தேறுவது கடினம். அப்புறம், முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் தெருவில் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி, சீர்தூக்கும் திறனுக்காக. கேட்கிற பிள்ளையே வாழ்க்கையில் ஒரு தபால் போட்டிருக்காது.

படிவத்தின் கடைசியில் வருவது 'இன்சைட்'. தனக்கு வந்திருப்பது நோய் என்று நோயாளிக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது. இதற்கு ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் படி, எனக்கு ஒன்றுமே இல்லை என்று முழுக்க மறுப்பது. நடுவில் பழியை வெளியே போடுவது போன்ற நிலைகள். ஐந்தாவது படி, அறிவளவில் தெரிந்திருப்பது: நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான், ஆனால் அந்த அறிவு அவன் நடத்தையில் எதையும் மாற்றவில்லை. ஆறாவது, உணர்ந்து தெரிந்திருப்பது: தெரிந்தது வாழ்க்கையில் இறங்கி வேலை செய்கிறது.

இந்த ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் இடையில் உள்ள தூரத்தை யார் முதலில் பிரித்துப் பார்த்தார்களோ, அவர்களுக்கு இலக்கியம் தெரிந்திருக்க வேண்டும். இலக்கிய விமர்சனத்தில் நாம் சண்டை போடுவதெல்லாம் இந்த ஒரு படியைப் பற்றித்தான். நோயாளியை அளக்க வைத்திருக்கிற இந்த ஏணியை மாணவர்கள் மேல் சாத்திப் பார்த்தால் என்ன என்பதுதான் நான் சொல்ல வருவது.

அக்கா மகளின் நோட்டு ஒன்றை அவள் காட்டிப் பார்த்தேன். மனநல வார்டுக்கு அனுப்பும்போது நோயாளியோடு நடத்திய உரையாடலை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவரச் சொல்கிறார்கள். 'ப்ராஸஸ் ரெகார்டிங்' என்று அதற்குப் பெயர். சமூகப் பணி படிப்பவர்களிடமும் உண்டு. ஹில்டகார்ட் பெப்லா என்ற அமெரிக்கச் செவிலியர் 1952-ல் வெளியிட்ட நூலில் நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள உறவையே அந்தத் தொழிலின் மையமாக வைத்தார். அதற்குப் பிறகு இம்மாதிரிப் பயிற்சிகளுக்கு அத்துறையில் ஒரு மதிப்பு வந்தது. நோட்டில் பத்திகள் போட்டிருக்கும். நோயாளி சொன்னது ஒரு பத்தி. மாணவி சொன்னது ஒரு பத்தி. மாணவி என்ன ஊகித்தாள் என்பது மூன்றாவது. நான்காவது, அவள் கையாண்ட உத்தி: திறந்த கேள்வி, சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல், மௌனம். மௌனம் ஓர் உத்தியாகப் பட்டியலில் இருப்பதை மௌனியின் வாசகர்கள் கவனிக்கலாம்.

கதாசிரியன் பொறாமைப்பட வேண்டிய நோட்டு இது. இருபது வயதுப் பெண், முன்பின் தெரியாத ஒருத்தியின் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் பேசியதையும் பேசாததையும் எழுதுகிறாள். ஆனால் முழு நோட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. மாணவிக்குத் தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலம் மட்டும் தெரியும்.

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடியது எதையும் சொல்லவில்லை. நடுவயதுப் பெண். நோயாளி சொன்னது என்ற பத்தியில், வயிற்றில் எரிச்சல் உணர்வு இருப்பதாகவும் தூக்கமின்மை இருப்பதாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஊகம் என்ற பத்தியில் 'இரைப்பை அழற்சி?' என்று இருந்தது. ஆசிரியை சிவப்பு மையில் டிக் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். "அந்தம்மா தமிழ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வயிறு எரியுது பாப்பா, ராத்திரியெல்லாம் எரியுது, எங்கே படுத்தாலும் எரியுதுன்னு சொன்னாங்க மாமா" என்றாள். அந்தம்மாவின் வீட்டை மூத்த மகன் கையெழுத்து வாங்கி விற்றுவிட்டான் என்பது அதே நோட்டில் நாலு பக்கம் தள்ளி, குடும்ப வரலாறு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாகக் கிடந்தது.

தமிழில் வயிறு எரிவது இரைப்பையில் மட்டும் நடக்கிற காரியமில்லை. 'என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே' என்று சொல்லும்போது யாரும் ஜெலூசில் தேடுவதில்லை. அநியாயம் செய்யப்பட்டவள், அதிலும் பெற்றவள், சபிக்கவும் மனமில்லாமல் சபிக்காமலிருக்கவும் முடியாமல் சொல்லும் வார்த்தை அது. அந்த வார்த்தைக்குள்ளேயே அவள் நோயின் வரலாறு பாதி இருந்தது. மொழிபெயர்ப்பில் அது விழுந்துவிட்டது. மாணவிக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. வீட்டில் அவள் பாட்டியே தினம் சொல்லுகிற வார்த்தைதான். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்ததும் அந்தத் தமிழ் அவளுக்குச் செல்லாததாகிவிடுகிறது. நம் உடம்பையே மொழியாக்கி வைத்திருக்கிறோம்: நெஞ்சு கனக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, தலை வெடிக்கிறது, கை கால் ஓடவில்லை. கிராமத்து ஆள் டாக்டரிடம் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லும்போது நரம்பைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தால் சத்து ஊசியோடு காரியம் முடிந்துவிடும். பல இடங்களில் அப்படித்தான் முடிகிறது.

இந்த இடத்தில் நிறுத்தினால் நம்மவர்கள் மகிழ்ச்சியடைவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆங்கில மருத்துவம் பெயர் சூட்டி மனிதனைக் கொல்கிறது, தமிழ் வாக்கியம் அவனை உயிரோடு வைத்திருக்கிறது என்று ஒரு கவித்துவமான முடிவுக்கு வந்துவிடலாம். அது பொய். இன்னொரு வகை எழுத்தறிவின்மை இருக்கிறது. அது நம்முடையது.

நமக்குப் பித்து என்ற சொல் பிடிக்கும். சுந்தரர் இறைவனை முதலில் அழைத்ததே அந்தச் சொல்லால்தான் என்பதில் தொடங்கி, சித்தர்கள் வழியாக, நவீன கவிதை வரைக்கும் ஒரு கோடு இழுத்து, மனம் பேதலித்தவனை உண்மையைக் கண்டவனாக்கிவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. 'ழ' நடத்திய ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர். 1984-ல், 33 வயதில், தற்கொலை செய்துகொண்டார். அவரைப் பற்றி இந்த வட்டாரங்களில் பேச்சு வரும்போது, அவருடைய நோய் ஏதோ அவர் கவிதைக்குக் கிடைத்த சான்றிதழ் போலப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவிதைகள் நல்ல கவிதைகளாக இருப்பது அவர் விழிப்போடு செய்த வேலையினால். நோய் அந்த வேலையைப் பறித்துக்கொண்டது. இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்ல வாய் கூசுகிறவர்கள் ஆறு படிகளில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே 1984-ல் சென்னையில் சாரதா மேனன் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு என்ற பெயரை ஒளிக்காமல், அதோடு ஒரு மனிதன் வேலைக்குப் போகவும் குடும்பத்தோடு இருக்கவும் முடியும் என்று காட்டுவதற்காக. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்ததற்கு அர்த்தம் ஏதும் இல்லை. நாம் எதைப் பேசினோம், எதைப் பேசவில்லை என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது.

பெயர் வேண்டும். பெயர் இல்லாதபோது சங்கிலிதான் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. அவர்களிடம் இருந்த பெயர்கள் பேய், செய்வினை, பைத்தியம் என்பவை. அந்தப் பெயர்கள் எந்த இடத்துக்கு வழி காட்டுமோ அந்த இடத்துக்குப் போனார்கள். பைத்தியம் என்பது நோயின் பெயர் இல்லை, வெளியேற்றும் உத்தரவு. 1794-ல் தொடங்கி 1871-லிருந்து இன்றைய இடத்தில் இருந்துவருகிற ஓர் ஆஸ்பத்திரியால், சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. நம் சினிமாவும் அதற்குத் தன்னால் ஆனதைச் செய்தது. 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய பிரிவு 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. நோய்க்கு நோய் என்று பெயர் வைத்ததால் வந்தவை இவை. வயிற்றெரிச்சலைப் புரிந்துகொள்கிற பாட்டி மட்டும் போதுமென்றால் இவை வந்திருக்காது.

ஆகவே பெயரும் வேண்டும், வாக்கியமும் வேண்டும். ஆனால் இரண்டும் சந்திப்பது எங்கே?

2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. 43 நாடுகளில் மருத்துவ மாணவர்களிடையே செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 27.2 சதவீதம் பேரிடம் டிப்ரஷனோ அதன் அறிகுறிகளோ இருந்தன. தற்கொலை எண்ணம் 11.1 சதவீதம் பேருக்கு. அறிகுறி இருந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். மருத்துவம் படிக்கிறவர்கள் இவர்கள். அறிகுறிகளைப் பட்டியலிடச் சொன்னால் ஒப்பிப்பார்கள். சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பது அவர்கள் நடந்துபோகிற வராந்தாவிலேயே எழுதியிருக்கிறது. ஐந்தாவது படிக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியாது.

அக்கா மகளின் ஹாஸ்டல் அறையில் நாலு பேர். மூன்றாம் ஆண்டின் நடுவில், மனநலப் பாடத்தின் இன்டர்னல் தேர்வு முடிந்த சமயம், அதில் ஒருத்தி மெஸ்ஸுக்குப் போவதைக் குறைத்தாள். குளிப்பது குறைந்தது. வகுப்பிலிருந்து வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். டிப்ரஷனின் அறிகுறிகளை எழுதுக என்ற கேள்விக்கு அந்த அறையிலிருந்த நாலு பேரும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள், படுத்துக்கிடந்தவள் உட்பட. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது வேறு மொழியில்: திமிர், சோம்பேறித்தனம், யாரோ ஒரு பையன். வார்டன் சொன்னது, ஆக்டிங். பாடத்தில் படித்த பெயர் நோயாளிகளுக்கானது. யூனிஃபார்ம் போட்டவர்களுக்கு அது வராது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மகள் செய்தது பெரிய காரியமில்லை. வார்டில் பழகிய பழக்கத்தில், ராத்திரி அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் சொன்னாளாம்: "விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்திடுது. அப்புறம் பொழுது விடியுறதை நெனைச்சாலே பயமா இருக்கு. சாயங்காலம் ஆயிட்டா பரவால்ல." அக்கா மகளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அதிகாலையில் விழிப்பு, காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும் துயரம். தேர்வில் இரண்டு மதிப்பெண். "மாமா, அதைப் புஸ்தகத்துல படிச்சப்ப ஏதோ பாயிண்ட்டுன்னு நெனைச்சேன். இவ சொன்னப்பதான் அது ஒரு ஆளோட காலைன்னு தெரிஞ்சுது" என்றாள்.

பெயரும் வாக்கியமும் சந்தித்த இடம் இது. பெயர் தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் இரண்டு தோழிகள் சேர்ந்து அழுதிருப்பார்கள். உட்காராமல் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் இரண்டு மதிப்பெண். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்டாளாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்காமலிருப்பதுதான் ஆபத்து என்று அந்தப் பாடத்தில்தான் படித்திருந்தாள். பதில் ஆமாம் என்று வந்தது. அன்றிரவு அவளைத் தனியே விடவில்லை. மறுநாள் அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் படிக்கிற இடத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருந்தது. அங்கே போக அந்தப் பெண் மறுத்துவிட்டாள். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் முதல் மருந்து கொடுக்கிறவர் வரை எல்லோருக்கும் அவளைத் தெரியும். பக்கத்து மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனார்கள். மாத்திரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டரோடு பேச்சு, வீட்டில் சில வாரங்கள். தேறினாள். திரும்பிவந்தபோது கல்லூரி ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டது. டைஃபாய்டில் படுத்து எழுந்து வந்த இன்னொரு பெண்ணிடம் அதே வருஷம் கேட்கவில்லை. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் வேற்றுமை பாராட்டலாகாது என்று பாடம் நடத்திய அதே இடம்.

இதற்கு நடுவில் அந்தப் பெண்ணின் தகப்பனார் எங்கள் கிளைக்கு வந்தார். அவர்களுடைய கடனும் எங்களிடம்தான் இருந்தது. அவருக்கு என்னை இன்னார் மாமா என்று தெரியாது. ஒரு பருவம் தள்ளிப்போகிறது, கடன் ரத்தாகிவிடுமா, வட்டி கூடுமா என்று கேட்டார். ரத்தாகாது, படிப்புக் காலத்தை நீட்டித்துக் கடிதம் வாங்கி வாருங்கள் என்றேன். காரணம் என்ன என்று படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. "மஞ்சக்காமாலைங்க சார்" என்றார். சொல்லும்போது கவுண்டரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள்காமாலை கௌரவமான நோய். அதற்கு மருந்து கட்டுகிற ஊர்கள் உண்டு, பத்தியம் உண்டு, வந்து விசாரிக்கிறவர்கள் உண்டு. நான் 'மருத்துவக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் எவ்வளவு நேரம் பெயர் தேடி இந்தப் பெயரைக் கண்டுபிடித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நோய்க்குப் பெயர் வைப்பதில் அவரும் ஒருவகையில் தேர்ச்சி பெற்றுவிட்டார்.

அந்தப் பெண் ஒரு பருவம் பின்தங்கிப் படிப்பை முடித்தாள். அக்கா மகள் அவளுக்கு முன்னால் 2025-ல் முடித்து, ஓர் ஊரில் ஐ.சி.யு.வில் இரவுப் பணியில் இருக்கிறாள்.

பாடத்தைக் கூட்டச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். அந்த நோட்டில் நோயாளி சொன்னது என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதையாவது தமிழில் எழுத விடுங்கள். 'வயிறு எரியுது' என்பதை அப்படியே எழுதட்டும். ஊகத்தை, உத்தியை, நோயின் பெயரை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இடது பக்கத்துத் தமிழுக்கும் வலது பக்கத்து ஆங்கிலத்துக்கும் நடுவில் உள்ள கோட்டை ஒரு பெண் தினமும் தாண்டிப் போய்த் தாண்டி வந்தால், ஐந்தாவது படியில் நிற்பது அவளுக்குக் கஷ்டமாகிவிடும். இதற்கு பணம் செலவில்லை. நம்மிடமும் ஒன்று கேட்கலாம். மேரியின் கதைக்குப் பதிலாக, தஞ்சாவூர்த் தெருவில் இருக்கிற ஒருத்தியின் கதையை, அவள் பேச்சிலேயே, நோயின் பெயர் சொல்லாமல், ஆனால் நோயை ஒளிக்காமல், ஒரு பக்கம் எழுதித்தர நம்மில் எத்தனை பேரால் முடியும்? பித்தைப் பற்றிக் கவிதை எழுதுவதைவிட அது சிரமமான வேலை.

இந்த யோசனையை அக்கா மகளிடம் சொன்னேன். நைட் டியூட்டி முடித்து வந்து, தூக்கக் கலக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றாள். அப்புறம், "தமிழ்ல எழுதினா யார் திருத்துவாங்க?" என்று கேட்டாள்.